சுவருக்கு நேரே நின்று எடுத்த படம்

கலிஃபோர்னியா மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,550 மீட்டர் உயரத்தில், மரங்கள் வளராத வறண்ட மேடு ஒன்றில் போடி என்ற ஊர் இருக்கிறது. 1859-ல் அங்கே தங்கம் தென்பட்டது. 1880-ஐ ஒட்டிய உச்சக் காலத்தில் பல ஆயிரம் பேர் குடியிருந்தார்கள். வங்கி, செய்தித்தாள், தொழிற்சங்கக் கூடம், தேவாலயம், வரிசையாகச் சாராயக் கடைகள் என்று எல்லாம் இருந்தன. தங்கம் குறையக் குறைய ஆட்கள் கிளம்பிப் போனார்கள். 1932-ல் பிடித்த தீ கடைத்தெருவின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. 1942-ல், போர்க்காலத்துக்குத் தேவையில்லாத தொழில் என்று அமெரிக்க அரசு தங்கச் சுரங்கங்களை நிறுத்தியபோது மிச்சமிருந்த வேலையும் நின்றது. 1962-ல் மாநில அரசு ஊரை வரலாற்றுப் பூங்காவாக எடுத்துக்கொண்டது. இன்று நூற்றுக்குச் சற்று அதிகமான கட்டடங்கள் நிற்கின்றன. அமெரிக்காவில் மிக அதிகமாகப் படம் எடுக்கப்பட்ட ஆளற்ற ஊர்களில் போடியும் ஒன்று. அந்தி வெளிச்சத்தில் தேவாலயம், உடைந்த ஜன்னல் வழியே தூசி படிந்த நாற்காலி, நட்சத்திரங்களுக்குக் கீழே துருப்பிடித்த கார் எனப் படங்கள் எண்ணிலடங்காமல் குவிந்திருக்கின்றன. ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு அந்தத் தேவாலயத்தை ஒரு தச்சரிடம் காட்டி, இதைத் திரும்பக் கட்ட முடியுமா என்று கேட்டால், பெரும்பாலான படங்கள் உதவாது. சுவர் எவ்வளவு அகலம், கூரை எந்தச் சரிவு, பின்பக்கம் எத்தனை ஜன்னல் என்பதற்கு அவற்றில் பதில் இருக்காது.

அந்தப் பதில்களைத் தேடியே கேமராவைத் தூக்கிக்கொண்டு போகும் ஒரு கூட்டம் உண்டு. சிறு உருவில் ரயில்களையும் ஊர்களையும் சுரங்கங்களையும் செய்யும் மாடல் கலைஞர்கள் அவர்கள். அவர்கள் எடுக்கும் படங்கள் பார்க்க அழகாக இருப்பதில்லை. ஒரு சுவர், அதற்கு நட்டநடுவே நேராக நின்று எடுத்த படம், ஓரத்தில் சாய்த்து வைத்த ஓர் அளவுகோல். அவ்வளவுதான். சட்டம் போட்டு மாட்ட ஆசை வராத அந்தத் தட்டையான படங்கள்தான், அழிந்துகொண்டிருக்கும் இந்த இடங்களைப் பற்றி அடுத்த தலைமுறைக்குக் கிடைக்கப்போகும் நம்பகமான சாட்சி என்பது என் வாதம். பொழுதுபோக்குக்காக எடுக்கப்படுகின்றன என்பதால் அவற்றின் மதிப்பு குறைந்துவிடாது.

மாடல் செய்பவர்களுக்குச் சுரங்கத்தின் மேல் ஏன் இவ்வளவு பிரியம் என்பதை முதலில் சொல்லிவிடலாம். அமெரிக்க மேற்கின் மலைகளில் சுரங்கங்களுக்காகப் போட்ட ரயில் பாதைகள் பெரும்பாலும் குறுகிய பாதைகள். தண்டவாளங்களுக்கு இடையே மூன்று அடிதான் இடைவெளி. சின்ன எஞ்சின்கள், கூர்மையான வளைவுகள், செங்குத்தான ஏற்றங்கள். ஒரு மேசையின் அளவுக்குள் அடக்க இதைவிடப் பொருத்தமான தொழில் கிடையாது. போடியிலேயே 1881-ல், மரம் வெட்டி வருவதற்காகவே மோனோ ஏரிக்குத் தெற்கே உள்ள காட்டிலிருந்து சுமார் 32 மைல் நீளத்துக்கு ஒரு பாதை போட்டார்கள். அது நாட்டின் வேறெந்த ரயில் பாதையோடும் கடைசிவரை இணையவே இல்லை; 1917-ல் ஓட்டம் நின்று, பிறகு பிடுங்கி எடுத்துவிட்டார்கள். தொடக்கமும் முடிவும் கண்ணுக்குள் அடங்குகிற இப்படி ஒரு பாதை மாடல் செய்பவருக்கு வரம். மான்டெரே நகரில் வாழ்ந்த ஜான் ஆலன் என்ற புகைப்படக் கலைஞர், கற்பனையான ஒரு மலை ரயில்பாதையைத் தன் வீட்டுக்கு அடியில் பல ஆண்டுகள் கட்டினார். துருவும் அழுக்கும் சாய்ந்த சுவர்களுமாகக் கட்டடங்கள் நிஜத்தில் மூப்படைவதைச் சிறு உருவில் கொண்டுவரலாம் என்று பலருக்குக் காட்டிக்கொடுத்தவர் அவர். 1973-ல் அவர் இறந்த சில நாட்களிலேயே அந்த ரயில்பாதை தீயில் எரிந்து போனது. இன்று அதைப் பற்றி நமக்குத் தெரிவது பெரும்பாலும் அவர் எடுத்து வைத்த படங்களால்தான்.

இனி அந்தத் தட்டையான படத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் மாடல் ரயில்களுக்குப் பரவலாக இருக்கும் அளவு 1:87. இதில் நிஜத்தின் ஓர் அடி மூன்றரை மில்லிமீட்டர் ஆகிறது. அதைவிடப் பெரிய 1:48 அளவில் ஓர் அடிக்குக் கால் அங்குலம். ஆறு அடி எட்டு அங்குல உயரமுள்ள ஒரு சாதாரணக் கதவு 1:87-ல் 23 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். கதவு இரண்டு மில்லிமீட்டர் தப்பினால், பக்கத்தில் நிற்கும் பொம்மை மனிதன் குள்ளனாகவோ நெட்டையனாகவோ தெரிவான். ஆகவே படத்திலிருந்து அளவு எடுக்க முடிய வேண்டும். அதற்குக் கேமராவைச் சுவருக்கு இணையாகப் பிடிக்க வேண்டும். அண்ணாந்து எடுத்தால் சுவர் மேலே போகப் போகக் குறுகிவிடும். கிட்டே நின்று அகல லென்ஸில் முழுக் கட்டடத்தையும் விழுங்கப் பார்ப்பதைவிட, இடம் இருந்தால் தூரப் போய் நீள லென்ஸில் எடுப்பது நல்லது. அளவுகோல் சுவரை ஒட்டியே இருக்க வேண்டும். இது அற்பமான விஷயமாகத் தோன்றலாம், ஆனால் கணக்குப் போட்டால் புரியும். பத்து மீட்டர் தூரத்தில் சுவர் இருக்க, ஒரு மீட்டர் முன்னால் தள்ளி அளவுகோலை நட்டுவிட்டால், படத்தில் கோல் பெரிதாகத் தெரியும். அதை நம்பி அளந்தால், ஒன்பது மீட்டர் சுவர் 8.1 மீட்டராக வந்து நிற்கும். ஒரு ஜன்னலையே காணாமல் அடிக்கப் போதுமான பிழை அது.

அளவுகோல் வைக்க வழியில்லாதபோது கட்டடமே கோலாகிறது. பலகைகளை எண்ணலாம், செங்கல் வரிசைகளை எண்ணலாம், தகரத்தின் நெளிவுகளை எண்ணலாம். ஒரு பலகையின் அகலம் தெரிந்தால் சுவரின் அகலம் தெரிந்துவிடும். அதனால்தான் மாடல் செய்பவர் மேகம் மூடிய நாளை விரும்புகிறார். சுற்றுலா வந்தவர் வெயிலுக்காகக் காத்திருப்பார். இவருக்கு வெயில் எதிரி. நண்பகல் வெயிலில் கூரையின் நிழல் சுவரின் மேல்பாதியைக் கறுப்பாக்கிவிடும், அதற்குள் இருக்கும் கூரைக் கைகளும் சட்டங்களும் மறைந்துவிடும். மங்கிய வெளிச்சத்தில் எல்லாமே ஒரே தரத்தில் தெரியும். போடியின் மரச்சுவர் ஒன்றை அப்படிப்பட்ட வெளிச்சத்தில் கிட்டே பார்த்தால் எவ்வளவு விஷயம் இருக்கிறது! செங்குத்தாக அடித்த பலகைகள், இடுக்குகளை மூட அவற்றின் மேல் அடித்த ரீப்பர் கட்டைகள். காற்றில் பறக்கும் மணல் மரத்தின் மென்மையான பகுதியை அரித்துவிட, கடினமான ரேகைகள் மட்டும் வரிவரியாகத் துருத்தி நிற்கின்றன. தரையை ஒட்டி, பனி மாதக்கணக்கில் தேங்கி நின்ற உயரம் வரை மரம் கறுத்திருக்கிறது. ஒவ்வொரு ஆணியின் தலைக்குக் கீழேயும் துரு ஒழுகிய கோடு. அந்த ஆணிகூடப் பேசும். சதுர முனையுள்ள வெட்டு ஆணி என்றால் பெரும்பாலும் பழைய வேலை; உருண்டைக் கம்பி ஆணி அமெரிக்காவில் பரவலானது 1890-களில்தான். ஒரே சுவரில் இரண்டும் இருந்தால், பிறகு வந்து ஒருவர் பழுதுபார்த்திருக்கிறார். அழகுப் படத்தில் இதெல்லாம் ‘பழைய மரம்’ என்ற ஒரே உணர்ச்சியாகக் கரைந்துபோகிறது.

சுவர்களைவிட முக்கியமானது, கட்டடம் எதற்காக அப்படிக் கட்டப்பட்டது என்பது. ஊரை ஒட்டிய சரிவில் நிற்கும் ஸ்டாண்டர்டு ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1898-ல் எரிந்து, அடுத்த ஆண்டே திரும்பக் கட்டப்பட்டது. படிப்படியாக இறங்கும் அதன் தகரக் கூரைகளைப் பார்ப்பவர்கள் விசித்திரமான அழகு என்கிறார்கள். உண்மையில் அந்த ஒவ்வொரு படியும் ஒரு வேலை. இப்படிப்பட்ட ஆலைகளில் தாதுக் கல் உச்சியில் வந்து இறங்கும். முதலில் இரும்புச் சல்லடை. அதில் விழாத பெரிய கற்கள் நொறுக்கிக்குப் போகும். பிறகு சேமிப்புத் தொட்டி. அங்கிருந்து இடிக்கும் எந்திரத்துக்கு இறங்கும். உலக்கை போலத் தூக்கித் தூக்கிப் போடும் இரும்புத் தண்டுகள், ஒவ்வொன்றும் பொதுவாக 350 முதல் 450 கிலோ எடை, நிமிடத்துக்கு 90, 100 தடவை விழும். பொடியான தாது தண்ணீரோடு கலந்து, பாதரசம் பூசிய செப்புத் தகடுகள் மேல் வழியும்; தங்கம் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டாதது அடுத்த படியில் அதிரும் பட்டைகள் மேல் பிரியும். மிச்சம் கழிவாகப் பள்ளத்துக்கு. எந்த இடத்திலும் கல்லைத் திரும்ப மேலே தூக்க வேண்டியதில்லை. மலையின் சரிவே வேலை செய்தது. இது தெரிந்தவர் ஆலையைப் படம் எடுக்கும்போது உச்சியிலிருந்து ஆரம்பித்து, கல் போன வழியிலேயே இறங்கி வருவார். தண்டவாளம் எங்கே உள்ளே நுழைகிறது, நீராவிக் குழாய் எங்கே வெளியே வருகிறது, பட்டை ஓட்டும் சக்கரத்துக்காகச் சுவரில் எங்கே ஓட்டை விட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக எடுப்பார். கூரையைப் படம் எடுக்க எதிர்க்குன்றில் ஏறுவார், ஏனென்றால் மேசை மேல் வைத்த மாடலில் முதலில் கண்ணில் படுவது கூரைதான். இப்படி எடுத்த நாற்பது ஐம்பது படங்களை வரிசையாக வைத்தால் ஒரு தொழில் எப்படி நடந்தது என்பதைச் சொல்லின்றி விளங்கிக்கொள்ளலாம். மாடல் செய்பவர் நொறுக்கியைத் தொட்டிக்குக் கீழே வைக்க முடியாது. வைத்தால் ஆலை ஓடாது என்று அவருக்கே தெரிந்துவிடும். தான் பார்த்ததைச் சரியாகப் புரிந்துகொண்டோமா என்று சோதித்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் அவருக்கு உண்டு. கட்டுரை எழுதுபவருக்கு அது கிடையாது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். இன்று படம் எடுக்கப்படுவது சிதைவைத்தானே, 1880-ஐ அல்லவே? சாம்பல் நிறத்தில் காய்ந்த சுவரைப் பார்த்து மாடல் செய்பவர், தங்கம் கொழித்த நாளிலும் ஊர் சாம்பலாக இருந்தது போல் செய்துவிடுகிறார். எந்திரங்கள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. மலிவாகக் கட்டிய குடிசைகள் முதலில் விழுந்தன. போடியில் சீனத் தொழிலாளர்களுக்கென்றே ஒரு பகுதி இருந்தது. இன்று அங்கே நிற்பது மிகக் குறைவு. நிற்பதை மட்டும் நகலெடுத்தால், வசதியானவர்களின் ஊரைத்தான் நகலெடுக்கிறோம். இந்த ஆட்சேபத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இது படத்தைக் கைவிடச் சொல்லவில்லை, கூடவே வேறொன்றை வைத்துப் படிக்கச் சொல்கிறது. அதற்கு அருமையான துணை ஒன்று இருக்கிறது. தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக சான்போர்ன் கம்பெனி 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்க ஊர்களுக்கு வரைந்த வரைபடங்களில், பொதுவாக ஓர் அங்குலத்துக்கு ஐம்பது அடி என்ற கணக்கில் ஒவ்வொரு கட்டடமும் வரையப்பட்டிருக்கும். மரக் கட்டடத்துக்கு மஞ்சள், செங்கல்லுக்கு இளஞ்சிவப்பு என்று நிறம் தீட்டியிருப்பார்கள். எங்கே சலவைக்கடை, எங்கே தண்ணீர்த் தொட்டி, எந்தக் கட்டடம் காலியாகக் கிடக்கிறது என்றுகூட எழுதியிருக்கும். தீப்பிடித்தால் எவ்வளவு நட்டம் என்று கணக்கிட வரைந்ததால், வரைந்த பகுதிக்குள் ஏழை வீட்டையும் விட்டுவைக்கவில்லை. இந்த வரைபடம், அந்தக் காலத்துப் புகைப்படம், இன்றைய அளவெடுத்த படம், மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பழக்கம் மாடல் செய்பவர்களில் சிறந்தவர்களுக்கு உண்டு. காணாமல் போன வீடுகளின் இடம் காலியாகத் தெரிவதே அப்படி வைத்துப் பார்க்கும்போதுதான். அதேபோல், தங்கம் பிரிக்கப் பயன்பட்ட பாதரசமும் சயனைடும் கலந்த கழிவு மேட்டை மாடலில் பச்சைப் புல்லால் மூடிவிடுபவர்களைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் இல்லை. அது அந்த மண்ணில் வேலை செய்தவர்களுக்குச் செய்யும் துரோகம்.

இன்னொரு கேள்வி, இதையெல்லாம் அரசாங்கமே செய்கிறதே என்பது. செய்கிறதுதான், நன்றாகவும் செய்கிறது. பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த கட்டடக் கலைஞர்களுக்கு வேலை கொடுக்க 1933-ல் அமெரிக்காவில் வரலாற்றுக் கட்டடங்களை அளந்து வரையும் திட்டம் தொடங்கியது. 1969-ல் தொழிற்கூடங்களுக்கும் பாலங்களுக்கும் சுரங்கங்களுக்கும் தனித் திட்டம் வந்தது. அலாஸ்காவின் கென்னிகாட்டில், 1938-ல் மூடப்பட்ட செப்புச் சுரங்கத்தின் பதினான்கு மாடி ஆலையைக்கூட வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்த வரைபடங்களும் பெரிய ஃபிலிமில் எடுத்த படங்களும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக் கிடைக்கின்றன. கவனியுங்கள், அந்தத் திட்டத்தின் படங்களிலும் அளவுகோல் வைப்பது வழக்கம். மாடல் செய்பவரும் அரசாங்கப் பதிவாளரும் ஒரே முறைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஆனால் அரசாங்கம் கென்னிகாட் போன்ற பெரியதையும் புகழ்பெற்றதையும்தான் முதலில் எடுக்கும். கொலராடோ மாநிலத்தில் மட்டும் கைவிடப்பட்ட சுரங்கங்கள் இருபதாயிரத்துக்கும் மேல். அவற்றின் பக்கத்தில் நிற்கும் கொட்டகைகளை, கல் கொட்டும் சரிவுகளை, கொல்லன் பட்டறைகளை யார் வரையப் போகிறார்கள்? ஒரு குளிர்காலப் பனியின் எடை போதும், கூரை இறங்கிவிடும். 2002-ல் கொலராடோவின் செயின்ட் எல்மோ என்ற பழைய சுரங்க ஊரில் தீப்பிடித்தபோது, நூறு ஆண்டுக்கு மேல் நின்ற ஊர் மன்றக் கட்டடமும் வேறு சிலவும் போயின. மன்றத்தைப் பிறகு பழைய தோற்றத்திலேயே எழுப்பினார்கள். முன்பே எடுத்த நேர்ப் படம் இருந்தால்தான் அப்படி எழுப்பும்போது பழைய அளவைப் பற்றி வாதாட ஏதாவது கையில் இருக்கும். லேசர் கருவியால் ஸ்கேன் செய்யலாமே என்றால், செய்யலாம். அதற்கும் ஆளும் பணமும் வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று பாதிக்கு மேல் படிகிற மாதிரி சுற்றி நடந்து வரிசையாக எடுத்த படங்கள் இருந்தால், செல்போனில் எடுத்ததாக இருந்தாலும், கணினி அவற்றிலிருந்து முப்பரிமாண உருவம் எழுப்பிவிடும். அளவு மட்டும் அதற்குத் தெரியாது. மறுபடியும் அந்த ஒற்றைக் கோல் தேவைப்படுகிறது.

ஓவியத்தையும் இங்கே நினைக்கலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தில் கலை கற்பித்த மியூரியல் சிபெல் வோல் என்ற அம்மையார், மலை ஏறி இறங்கி நூற்றுக்கணக்கான சுரங்க ஊர்களை வரைந்தார். 1949-ல் வந்த அவருடைய பெரிய நூல் இல்லாவிட்டால் அந்த ஊர்களில் பல மறக்கப்பட்டிருக்கும். அவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. ஆனாலும் அந்தக் கோட்டோவியங்களில் ஒரு விடுதி சாய்ந்து நிற்கிறது என்று தெரிகிறதே தவிர, அதன் அகலம் இருபது அடியா முப்பதா என்று தெரியவில்லை.

ஆபத்தைப் பற்றிய ஆட்சேபம்தான் மிகவும் கனமானது, அதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லக் கூடாது. பழைய சுரங்கத்துக்குள் போவது உயிரோடு விளையாடுவது. உள்ளே ஆக்சிஜன் குறைந்த காற்றுக்கு மணமோ நிறமோ கிடையாது; மயங்கி விழும்வரை தெரியாது. தாங்கு கட்டைகள் உளுத்திருக்கும். தரையென்று நினைத்துக் கால் வைத்த பலகைக்குக் கீழே தண்ணீர் நிறைந்த குழி இருக்கும். பழைய டைனமைட்டிலிருந்து நைட்ரோகிளிசரின் கசிந்திருக்கலாம். எலி எச்சத்தின் தூசியால் பரவும் ஹன்டா வைரஸ் நுரையீரல் நோய் 1993-ல் அமெரிக்கத் தென்மேற்கில் அடையாளம் காணப்பட்டது. பூட்டிக் கிடந்த அறைக்குள் நுழைகிறவர் அதையும் எண்ண வேண்டும். ஆகவே விதி எளிமையானது: சுரங்கத்துக்குள் போகவே கூடாது, விழும் நிலையில் உள்ள கட்டடத்துக்குள்ளும் கூடாது. மாடல் செய்பவருக்கு இதில் இழப்பு மிகச் சிறியது. அவர் செய்யப்போவது வெளித்தோற்றம். வேண்டியதெல்லாம் வெளியே நின்றே கிடைக்கும். உள்ளே உள்ள எந்திரத்தைப் பார்க்க, போடியின் ஆலைக்குள் வழிகாட்டியோடும், கொலராடோவில் சில்வர்டன் அருகே உள்ள மேஃபிளவர் ஆலைக்குள்ளும் போக ஏற்பாடு உண்டு. திருட்டுப் பயம் இன்னொன்று. போடியில் ஒரு துருப்பிடித்த ஆணியைக்கூட எடுத்துப் போவது குற்றம். அமெரிக்க மத்திய அரசின் நிலத்தில் நூறு ஆண்டு கடந்த தொல்பொருள்களை 1979-ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. சரியாகப் படம் எடுக்கத் தெரிந்தவருக்கு அந்த ஆணி தேவைப்படாது. அதன் தலை எத்தனை மில்லிமீட்டர் என்பது படத்திலேயே இருக்கும். எளிதில் எட்டும், காவலில்லாத இடமென்றால் இடத்தின் பெயரை ஊருக்கெல்லாம் சொல்லாமல், தேதியோடும் திசையோடும் குறித்து ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுப்பது மேல்.

போடிக்கும் தமிழர்களுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் அதே எந்திரங்களோடு அதே வேலை தமிழர்களின் உழைப்பில் நடந்த இடம் ஒன்று உண்டு. 1890-களின் தொடக்கத்தில் போடியின் ஸ்டாண்டர்டு ஆலைக்கு சுமார் இருபது கிலோமீட்டர் தூரத்து ஓடையிலிருந்து மின்சாரம் கம்பி வழியே வந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய செய்தி. பத்தாண்டு கழிவதற்குள், 1902-ல், காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுபோனார்கள், கோலார் தங்கவயலுக்கு. வடாற்காடு, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து போன குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே பூமிக்கு அடியில் இறங்கின. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. கூண்டை இறக்கி ஏற்றிய இரும்புக் கோபுரங்கள், வேலையாட்களின் லைன் வீடுகள், சயனைடு மண்மேடுகள் என்று எவ்வளவோ இன்னும் இருக்கின்றன. அங்கே போய் எடுக்கும் படங்களும் பெரும்பாலும் அந்தியில் கறுத்துத் தெரியும் கோபுரப் படங்களாகவே இருக்கின்றன. தங்கவயலில் உறவும் வேரும் உள்ளவர்கள் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அனுமதி உள்ள இடத்தில், குழிகளிலிருந்து விலகி நின்று, தாத்தா வாழ்ந்த லைன் வீட்டின் நான்கு பக்கத்தையும் நேராக நின்று எடுங்கள். சுவரை ஒட்டி ஓர் அளவு நாடாவைத் தொங்கவிடுங்கள். எந்த லைன், எந்தத் திசை, என்ன தேதி என்று எழுதி வையுங்கள். அந்த வீட்டை யாராவது ஒருநாள் சிறு உருவில் செய்ய முன்வந்தால், முதலில் கேட்கப்போவது அந்தச் சுவரின் அகலத்தைத்தான்.